வளவுத் தென்னையில் ஆணி அடிக்காதீர்கள்

 

புத்தளம் தில்லையடியில் வீடும் தென்னையும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்துக்கு வந்தபோது, பலர் கொட்டில் போட்டது தென்னங்காணிகளில்தான். பிறகு கொட்டில்கள் கல்வீடாயின, காணிகள் துண்டுபட்டு மதில்கள் எழுந்தன. தோட்டத்து மரங்கள் வளவு மரங்களாயின. தோட்டத்தில் நின்ற காலத்தில் மரத்தைப் பார்த்துப் பராமரிக்க ஆள் இருந்தது. வளவுக்கு வந்த பின் தேங்காய் பறிக்கிறவர் மட்டுமே அதன் பக்கம் போகிறார். இன்று அந்த மரங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

உங்கள் வளவுத் தென்னையின் அடிமரத்தை நெஞ்சு உயரத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கொடி கட்ட அடித்த ஆணி இருக்கும். மின்குமிழ் தொங்கவிட முறுக்கிய கம்பி இருக்கும். ஏறுவதற்காகக் கத்தியால் கொத்திய படிகளும், குப்பை எரித்துக் கருகிய அடியும் இருக்கலாம். மாமரத்தில் பட்டை காயப்பட்டால் ஓரங்கள் வளர்ந்து மெல்ல மூடிக்கொள்ளும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. அதன் தண்டில் பட்ட காயம் ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கும்.

அந்தக் காயத்தின் வாசனையைத் தேடி வருவது செவ்வண்டு. செம்பழுப்பு நிறம், நீண்டு வளைந்த மூக்கு. பெண் வண்டு காயத்திலும் வெடிப்பிலும் முட்டையிடும். ஒரே வண்டு 200க்கு மேல் இடக்கூடியது. பொரிக்கும் புழு தண்டுக்குள் இறங்கிச் சதையைத் தின்னும். வெளியே மரம் பச்சையாகவே நிற்கும். குருத்து சாய்ந்து ஓலை தொங்கும்போது உள்ளே பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அது அழுகினால் வேறு இடத்தில் தளிர் வராது.

ஆனால் இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். தண்டில் சிறு துளை, அதிலிருந்து வழிந்து காய்ந்த செம்பழுப்புச் சாறு, துளை வாயில் ஈரமான நார்த்தூள், கிட்டப் போனால் புளித்த வாடை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சந்தேகப்படுங்கள். சந்தடி இல்லாத நேரத்தில் தண்டில் காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள். புழு நிறைந்த மரத்தில் நறநறவென்று சத்தம் கேட்கும்.

நம் பகுதி வண்டான செவ்வண்டு 1980களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சைகளைப் பிடித்தது, அங்கிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை போனது. 2017இல் ரோம் நகரில் நாடுகள் கூடிப் பேசும் அளவுக்கு விஷயம் முற்றியது. அங்கேயும் முதல் பாடம் ஒன்றுதான்: ஆரம்பத்திலேயே கண்டுபிடி.

செவ்வண்டுக்கு வழி திறந்துவிடும் இன்னொரு வண்டு உண்டு. தலையில் கொம்புள்ள கருவண்டு. விரியாத குருத்தைத் துளைத்துத் தின்னும். பின்பு விரியும் ஓலை கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோணம் முக்கோணமாக இருக்கும். இதன் புழு வளர்வது எருக்குவியலிலும் மக்கிய தென்னங்குற்றியிலும். பட்டுப்போன மரத்தை விழுத்திவிட்டு வேலியோரம் போட்டு வைப்பதுதான் நம் வழக்கம். அது பக்கத்து வீட்டு மரத்துக்கும் செய்கிற கேடு. குற்றியைப் பிளந்து அழித்துவிடுங்கள், எருவை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள்.

குரும்பையில் பழுப்புத் தழும்பு விழுந்து, தேங்காய் சிறுத்து, உரிமட்டை வெடிக்கிறதே, அது வேறு கதை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் வேலை. இலங்கையில் அதை முதலில் கண்டது 1997 கடைசியில், நமக்குப் பக்கத்துக் கற்பிட்டியில். அது மரத்தைக் கொல்லாது, விளைச்சலைத்தான் குறைக்கும். குரும்பையின் தொப்பிக்கு அடியில் ஒளிந்திருப்பதால் மருந்து தெளித்தாலும் எளிதில் எட்டாது. கிணறும் பிள்ளைகளும் உள்ள வளவில் உயரத்துக்கு மருந்து அடிக்கவும் கூடாது. 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்து லுணுவிலயில்தான் இருக்கிறது. சிற்றுண்ணியைத் தின்னும் இன்னொரு உண்ணியை அங்கே வளர்த்து மரங்களில் விடும் வழியைக் கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் இது.

இனிச் செய்ய வேண்டியவை. ஆணி, கம்பி, கொத்துப்படி எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். ஏற ஏணியோ தளைநாரோ போதும். பச்சை ஓலையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள். வெட்டியே தீர வேண்டுமென்றால் மட்டையில் நாலடி விடுங்கள். தண்டில் காயம் பட்டுவிட்டால் தார் பூசுங்கள். கோடையில் அடியைச் சுற்றி உரிமட்டை பரப்புங்கள், ஈரம் நிற்கும். வாடிக் கிடக்கிற மரத்துக்கு எந்த நோயையும் தாங்கும் தெம்பு இராது.

செவ்வண்டு பிடித்த மரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும், கடையில் கேட்டு ஏதோ ஒரு நஞ்சை வாங்கித் துளைக்குள் விடுவதும் வேண்டவே வேண்டாம். தண்டுக்குள் மருந்து செலுத்துவது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. துளை எங்கே போடுவது, எவ்வளவு விடுவது, எத்தனை நாள் அந்த மரத்து இளநீரையும் தேங்காயையும் தொடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மரத்தில் ஏறுகிறவரிடமும் சொல்லி வையுங்கள்: குருத்தையும் பாளையையும் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொல்லச் சொல்லுங்கள். அதற்காக நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

மரத்தில் சாறு வழிவதைக் கண்டால் அடுத்த பறிப்பு வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். பக்கத்து வளவுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வண்டு மதிலைத் தாண்டிப் பறக்கும்.