நிறுவனங்கள் இணையும்போது ஓட்டுநரின் நாள் என்னவாகிறது?

(சாலைப் போக்குவரத்து அரங்கில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் இன்னொன்றை விலைக்கு வாங்கினால் நாளேடுகளின் வணிகப் பக்கத்தில் அதற்கு நல்ல இடம் கிடைக்கும். எத்தனை கோடி கைமாறியது, எந்த வங்கி கடன் கொடுத்தது, பங்கு விலை ஏறியதா இறங்கியதா என்பதெல்லாம் விவரமாக வரும். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு அந்தச் செய்தியில் இடமில்லை. ஆனால் வாங்குவதற்காகப் பெற்ற கடனை யார் அடைக்கப்போகிறார் என்று தேடிப்போனால் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்போம்.

இதை விளக்க அமெரிக்காவின் எல்லோ நிறுவனத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதை 2003இல் தொடங்கி 2023இல் முடிந்துவிட்டது; முழுவதையும் நாம் பார்க்க முடிகிறது. நம் நாட்டில் இதே கதையின் முதல் அத்தியாயங்கள்தான் இப்போது எழுதப்படுகின்றன.

எல்லோ 1924இல் தொடங்கப்பட்ட நிறுவனம். நம் ஊரில் பார்சல் சர்வீஸ் லாரி என்கிறோமே, பலருடைய சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து ஏற்றுவது, அதுதான் அதன் தொழில். இந்தத் தொழிலில் இரண்டு வகை ஓட்டுநர்கள் உண்டு. ஊருக்குள் சரக்கை எடுத்துக் கொடுப்பவருக்கு மணிக்கணக்கில் கூலி. இரவில் ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு நெடுந்தூரம் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில் கூலி. 2003இல் எல்லோ தன் பெரும் போட்டியாளரான ரோட்வே நிறுவனத்தை நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2005இல் யுஎஸ்எஃப் நிறுவனத்தையும் அதைவிடப் பெரிய தொகைக்கு வாங்கியது. வாங்கியவற்றை உடனே ஒன்றாக்கவும் இல்லை. எல்லோவும் ரோட்வேயும் தனித்தனிக் கிடங்குகளோடு, தனித்தனி வண்டிகளோடு பல ஆண்டுகள் ஓடின. கடன் மட்டும் ஒன்றாகிவிட்டது.

2008இல் நிதி நெருக்கடி வந்தது. சரக்கு குறைந்தது, வட்டி குறையவில்லை. அந்த நெருக்கடியின் நடுவில், 2009 மார்ச்சில், இரண்டு வலைப்பின்னல்களையும் ஒன்றாக்கினார்கள். அதே ஆண்டுத் தொடக்கத்தில் தொழிலாளர்கள் 10 சதவீத ஊதிய வெட்டை ஏற்றிருந்தார்கள். ஆகஸ்டில் மேலும் 5 சதவீதம். ஓய்வூதிய நிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டிய பங்கும் நிறுத்தப்பட்டது. 2011இல் மீண்டும் செலுத்தத் தொடங்கியபோது பழைய விகிதத்தில் கால் பங்குதான் வந்தது. பதிலாக என்ன கிடைத்தது? நிறுவனத்தில் பங்குரிமை. 2011 இறுதியில் அந்த நிறுவனம் 300 பங்குகளைச் சேர்த்து ஒரு பங்காக்கியது. அதற்கு முந்தைய ஆண்டும் 25 பங்குகளை ஒன்றாக்கியிருந்தது. வெட்டப்பட்ட கூலிக்கு ஈடாகக் கையில் வந்த காகிதத்தின் கதி இது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டீம்ஸ்டர்ஸ் சங்கம் அன்று துரோகம் செய்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வேலை போய்விடும் என்ற நிலையில் ஓட்டுநர்களே வாக்களித்து ஏற்ற வெட்டு அது. 2014 ஜனவரியில், சலுகைகளை 2019 வரை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை முதல் வாக்கெடுப்பில் அவர்கள் நிராகரித்தார்கள். திருத்தி மறுபடியும் வாக்கெடுப்புக்கு வைத்தபோது ஏற்றார்கள். அந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் இடையில் அந்த வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஆலை மூடலைக் கண்ட நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது என்பதே என் கருத்து. கூலியை விட்டுக்கொடுத்தவர்கள், கணக்குப் புத்தகத்தின் மீதும் கடன் முடிவுகளின் மீதும் எந்தக் கட்டுப்பாட்டையும் பெறவில்லை.

இனி மைலுக்கு வருகிறேன். கூலி வெட்டு வெளியே தெரியும். மைல் வெட்டு தெரியாது. ஒரே நகரில் இரண்டு கிடங்குகள் இருந்த இடத்தில் ஒன்று மூடப்பட்டால், சில தடங்கள் மறைந்துவிடும், சில நீளும். முன்பு ஓட்டி முடித்து விடியற்காலையில் வீட்டில் படுத்தவர் இப்போது வழியில் ஏதோ ஒரு விடுதியில் படுக்க வேண்டும். தடம் மறைந்துபோனவர் இன்னொரு நகரத்துக்கு வேலையைத் தேடிக் குடும்பத்தோடு பெயர வேண்டும். அல்லது வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். அமெரிக்கச் சங்க ஒப்பந்தங்களில் பணிமூப்புப் பட்டியல்தான் ஓட்டுநரின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்துகிறது. எந்தத் தடம், எந்த நேரம், எப்போது விடுப்பு என்பதை மூத்தவர் முதலில் தேர்ந்தெடுப்பார். இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரண்டு பட்டியல்களை எப்படி ஒன்றாக்குவது? பணியில் சேர்ந்த தேதிப்படி கலப்பதா, வாங்கப்பட்ட நிறுவனத்தாரை அடியில் சேர்ப்பதா? பங்குதாரர்களுக்கு இது பொருட்டே அல்ல. இருபது ஆண்டு ஓட்டியவருக்கோ இதுதான் இணைப்பு.

ஆகவேதான் அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி முக்கியமானது. கிடங்குகளையும் தடங்களையும் மாற்றியமைக்க விரும்பும் நிறுவனம் முதலில் சங்கத்தோடு அமைந்த கூட்டுக் குழுவின் முன் அந்தத் திட்டத்தை வைக்க வேண்டும். யார் எந்த ஊருக்குப் போகலாம், மூப்பு என்னவாகும், இடம்பெயரும் செலவு யாருடையது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். எல்லோவின் இறுதி மோதல் கூலியைப் பற்றி எழவில்லை. இந்த விதியின் மீதே எழுந்தது. தன்னிடம் இருந்த நான்கு துணை நிறுவனங்களையும் ஒரே வலைப்பின்னலாக்க முனைந்த நிறுவனம், 2022இல் மேற்கு மாநிலங்களில் முதல் கட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு புதுவகை வேலை உருவானது. நெடுந்தூரம் ஓட்டிப் போகும் அதே ஓட்டுநர், போய்ச் சேர்ந்த கிடங்கில் சரக்கையும் இறக்கி ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். ஓட்டுவது ஒரு தொழில், சுமப்பது ஒரு தொழில் என்று பல பத்தாண்டுப் போராட்டத்தில் பிரிக்கப்பட்டதை நிர்வாகம் மீண்டும் ஒன்றாக்கியது. அடுத்த கட்டத்தைக் கிழக்கே விரிவாக்க முயன்றபோது சங்கம் ஏற்க மறுத்தது. 2023 ஜூனில் நிறுவனம் சங்கத்தின் மீதே 13.7 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. ஜூலையில் ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் கட்ட வேண்டிய தொகையைக் கட்டவில்லை. சங்கம் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்தது. பின்னர் அது தவிர்க்கப்பட்டது. ஆனால் அதற்குள் வாடிக்கையாளர்கள் சரக்கை வேறிடம் திருப்பிவிட்டார்கள். ஜூலை 30 அன்று வண்டிகள் நின்றன. ஆகஸ்ட் 6 அன்று திவால் மனு தாக்கலானது. 30,000 பேருக்கு வேலை போனது. அவர்களில் 22,000 பேர் சங்க உறுப்பினர்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 2020இல், பெருந்தொற்றைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு இந்த நிறுவனத்துக்கு 70 கோடி டாலர் கடன் கொடுத்து, ஏறத்தாழ 30 சதவீதப் பங்குகளையும் வாங்கியிருந்தது. அதாவது பங்குதாரர் வரிசையில் அரசே இருந்தது. அப்படியும் காப்பாற்றப்பட்டது நிறுவனமே ஒழிய வேலை அல்ல.

மூடிய பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 2023 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் கிடங்குகளில் பெரும்பகுதி ஏறத்தாழ 190 கோடி டாலருக்கு ஏலம் போனது. எக்ஸ்பிஓ என்ற போட்டி நிறுவனம் மட்டும் 28 கிடங்குகளை 87 கோடி டாலருக்கு எடுத்தது. அரசின் கடன் வட்டியோடு திரும்பிவிட்டது. வேலையிழந்த ஓட்டுநர்கள் பலர் வாங்கிய நிறுவனங்களிடமே வேலைக்குப் போனார்கள்; அவற்றில் பெரியவை பெரும்பாலும் சங்கம் இல்லாதவை. அங்கே அவருடைய இருபத்தைந்து ஆண்டு மூப்பு பூஜ்ஜியம். ஐம்பத்தைந்து வயதில் மீண்டும் இரவு முறை, மீண்டும் யாரும் விரும்பாத தடம்.

சங்கமே இல்லாத இடத்தில் இணைப்பு எப்படி இருக்கும்? 2017இல் நைட், ஸ்விஃப்ட் என்ற இரண்டு பெரும் முழுலோடு நிறுவனங்கள் இணைந்தன. பெயர்ப்பலகைகளைத் தனித்தனியாகவே வைத்துக்கொண்டார்கள். முழுலோடு ஓட்டுநருக்குப் பெரும்பாலும் ஓடிய மைலுக்கே கூலி. கிடங்கு வாசலில் மூன்று மணி நேரம் நின்றால் பெரும்பாலும் காசில்லை. மாநிலங்களுக்கிடையே ஓட்டுபவர்களை 1938ஆம் ஆண்டின் சட்டம் மிகைநேரக் கூலியிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. சட்டப்படி 14 மணி நேரப் பணிக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பதால், வாசலில் போன மூன்று மணி நேரம் அன்றைய கூலியிலிருந்து போனது. அந்த மைலையும் யார் அளப்பது? பல நிறுவனங்கள் வண்டியின் மீட்டரைப் பார்ப்பதில்லை; ஊருக்கு ஊர் தூரப் பட்டியலை வைத்தே கணக்கிடுகின்றன. பட்டியல் மாறினால் கூலி மாறும், விகிதம் ஒரு காசும் மாறாமலே. ஸ்விஃப்டில் ‘சொந்த வண்டிக்காரர்’ என்று பெயரிட்டு வைத்திருந்த சுமார் 20,000 ஓட்டுநர்கள், தாங்கள் உண்மையில் தொழிலாளர்களே என்று 2009இல் தொடங்கிய வழக்கு, 2019இல் 10 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பத்தாண்டு நீதிமன்றத்தில் நின்று பெற்றது அது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். கத்தி நிறுவனம் ஆல்கார்கோவின் கைக்குப் போனது. 2021இல் ஸ்பாட்டானை டெல்லிவரி வாங்கியது. 2022இல் ரிவிகோவின் விரைவுச் சரக்குத் தொழிலை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் 225 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இந்த மூன்றாவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரிவிகோ ஒரு புதுமையைச் சொல்லித்தான் பெயர் பெற்றது: ஓர் ஓட்டுநர் சில மணி நேரம் ஓட்டி, இடைநிலையத்தில் வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்த்திசை வண்டியில் ஊர் திரும்புவார், அன்றிரவே வீட்டில் தூங்கலாம். முதலாளித்துவம் தன் தேவைக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் ஓட்டுநருக்கு அது உண்மையான நன்மை. அது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. விற்பனையில் முழுலோடுப் பிரிவு சேரவும் இல்லை. வீட்டில் தூங்கும் இரவு, விற்பவரின் சொத்துப் பட்டியலிலும் இல்லை, வாங்குபவரின் பொறுப்புப் பட்டியலிலும் இல்லை.

நம்முடைய கூடுதல் சிக்கல் என்னவென்றால், இங்கே பெரும்பாலான ஓட்டுநர்கள் அந்தப் பெரிய நிறுவனத்தின் ஊழியர்களே அல்லர். நான்கைந்து வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் வேலை செய்கிறார்கள். அந்த வண்டி நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் ஓடுகிறது. சிறிய மாதச் சம்பளம், டிரிப்புக்குப் பேட்டா, டீசலில் மிச்சம் பிடித்தால் கையில் நிற்பது, அவ்வளவுதான் வருமானம். கிளீனர் என்றொருவர் பல வண்டிகளில் மறைந்தே விட்டார். அவர் வேலையும் ஓட்டுநர் தலையில். இரண்டு நிறுவனங்கள் இணைந்தால், இருவரிடமும் வண்டி விட்டவருக்கு இனிமேல் பேரம் பேச ஒரே வாசல். வாடகையை அங்கே குறைத்தால் அவர் பேட்டாவில் குறைப்பார். ஓட்டுநர் யாரிடம் போய் முறையிடுவார்? வண்டிக்காரர் நிறுவனத்தைக் காட்டுவார். நிறுவனம், அவர் எங்கள் ஊழியரே இல்லை என்று கையை விரிக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும், ஐந்து தொழிலாளருக்குக் குறைவான இடத்தை இயல்பாகத் தொடவில்லை. அதையும் 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்தில் கரைத்துவிட்டார்கள்.

2024 ஜனவரியில் விபத்துத் தண்டனைப் பிரிவுக்கு எதிராக லாரிகள் நின்றபோது, இரண்டே நாளில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றதை நாடே பார்த்தது. அந்த ஆற்றல் இருக்கிறது. ஆனால் சிறைத் தண்டனைக்கு எதிராக நின்ற வண்டி, தட மாற்றத்துக்கு எதிராக இதுவரை நின்றதில்லை. ஏனென்றால் அந்தக் கோரிக்கையை நாமே இன்னும் எழுதவில்லை.

எழுதுவதற்கு முதலில் கணக்கு வேண்டும். கிடங்குகள் உள்ள நகரங்களில் பணியாற்றும் தோழர்கள் தலா இருபது ஓட்டுநர்களிடம் ஒரு மாத டிரிப் விவரத்தை எழுதி வாங்குங்கள்: ஓட்டிய கிலோமீட்டர், லோடுக்காக நின்ற மணி, கையில் வந்த பேட்டா, வீட்டில் தூங்கிய இரவுகள். வண்டிக்காரர் யார், அவர் எந்த நிறுவனத்துக்கு ஓட்டுகிறார், அந்த நிறுவனத்தை அண்மையில் யார் வாங்கினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படிவம் உணவு இடைவேளையில் உங்களுக்குக் கொடுக்கப்படும்.