ஒரு சொல் கற்பிக்கும் பாடம்



நெல்லைக் குத்தி உமி நீக்கி உண்கிறோம் நாம். அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடியினரோ, மக்காச்சோளத்தைச் சாம்பல் நீரில் வேகவைத்துத் தோல் நீக்கினர். அதற்கு ‘ஹாமினி’ என்று பெயர். வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல் இது. ‘இடித்துப் பதப்படுத்தியது’ என்னும் பொருளுடைய நெடுஞ்சொல்லின் குறுக்கம் என்பர். ஆங்கிலேயரான ஜான் ஸ்மித் 1630-ஆம் ஆண்டளவில் இதனை எழுதி வைத்தார். மெக்சிகோவில் வழங்கும் ‘நிஷ்டமால்’ என்னும் சொல்லில் சாம்பலே குடியிருக்கிறது. அந்நாட்டுப் பழமொழியாகிய நவாட்டலில் ‘நெஷ்ட்லி’ என்றால் சாம்பல்.

சாம்பல் எதற்கு? மக்காச்சோளத்தில் பிணைந்து கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்தைச் சாம்பலின் காரமே விடுவிக்கிறது. ஐரோப்பியர் விதையைக் கொண்டு சென்றனர். சாம்பல் முறையை விட்டுச் சென்றனர். மக்காச்சோளமே உணவாகிப்போன வட இத்தாலிய ஏழை உழவர்கள், ‘பெல்லாக்ரா’ நோயால் தோல் வெடித்து, மனம் பேதலித்து மாண்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அதுவே நேர்ந்தது. நயாசின் அந்நோயைத் தீர்க்கும் என்பது 1937-க்குப் பின்னரே தெளிவாயிற்று.

ஆகவே, புதிய விதையை வரவேற்போம். அதனை வளர்த்தவர்தம் சமையல் முறையையும் கேட்டறிவோம். பழைய வழக்கமொன்றை வீண் என்று தள்ளுமுன், அதன் பயனை ஒருமுறை ஆராய்வோம்.