போனைப் பூட்டினால் பகை அடங்குமா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் முன்னாள் தலைவி ஒருவர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் அவர் பேசிய நடையிலேயே வெளியிடுகிறோம்.)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது சேமிப்பைப் பத்திப் பேசவா, வங்கிக் கடனைப் பத்திப் பேசவா என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் அக்கா, நீங்க அந்த ஏழாவது தீர்மானத்தைப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஏழாவது தீர்மானம் உங்களுக்கே தெரியும். ஆம்பளைப் பிள்ளைகள் போனில் சாதிப் பாட்டும் அரிவாள் வீடியோவுமாக இருக்கிறது, ஊர்ச் சண்டைக்கு அதுதான் காரணம், திருவிழா நேரத்தில் நெட்டையே நிறுத்தச் சொல்லியும் இந்த மாதிரிப் பேச்சை எல்லாம் தடை செய்யச் சொல்லியும் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது.

பெற்ற வயிறு பற்றி எரிகிறபோது அப்படித்தான் கேட்கத் தோணும். ரெண்டு வருசத்துக்கு முன்னால் எங்க ஊரில் இதே மாதிரி ஒரு தாளில் முதல் கையெழுத்துப் போட்டவளே நான்தான். அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இலங்கைக்குப் போய் வருவோம். 2018 பிப்ரவரி மாதம், அம்பாறை என்ற ஊர். அங்கே தமிழ் பேசுகிற முஸ்லிம் ஒருவர் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சாப்பிட வந்த ஒருத்தர் கறியில் ஏதோ வெள்ளையாகக் கட்டி கிடக்கிறது என்று சத்தம் போட்டார். நாம கொழம்பில் மாவு கரைத்து ஊற்றினால் சில நேரம் கட்டி தட்டிப் போகும் இல்லையா, அது மாதிரிதான். ஆனால் அவர்கள் என்ன கேட்டார்கள்? சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்ய மலட்டு மாத்திரை போட்டாயா என்று. கடைக்காரருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மாவைப் பத்திக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆமா போட்டோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதைப் போனில் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். கடை போச்சு, பள்ளிவாசலுக்குத் தீ வைத்தார்கள். அரசு ஆய்வாளர் பரிசோதித்துவிட்டு அது மாவுதான் என்று பிறகு சொன்னார். சாப்பிட்டால் நிரந்தரமாக மலடாக்கிவிடுகிற மாத்திரை என்று ஒன்று கிடையாது என்று டாக்டர்களும் சொன்னார்கள். யார் கேட்டது?

அடுத்த வாரமே கண்டி பக்கத்தில் திகனவில் கலவரம். அங்கே வேறு ஒரு அடிதடியில் சிங்கள டிரைவர் ஒருவர் இறந்துபோனார். ஏற்கெனவே மாத்திரைக் கதை ஓடிக்கொண்டிருந்தது, ரெண்டும் சேர்ந்துகொண்டது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவித்தார்கள். மறுநாள் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

சரி, அடங்கியதா? அந்த நேரத்துக்குக் கொஞ்சம் வேகம் குறைந்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டாளமும் அப்போதுதான் தெருவில் இறங்கியது, தூண்டிவிட்ட ஆட்களையும் அப்போதுதான் பிடித்தார்கள். எதனால் அடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, வி.பி.என். என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. வாசலைப் பூட்டினால் கொல்லைப்புறமாக நுழைகிற மாதிரி. கலவரம் பண்ணுகிற இளவட்டத்துக்கு அது ஐந்து நிமிச வேலை. மகன் வீடு வந்து சேர்ந்தானா என்று கேட்க நினைக்கிற தாய்க்குத்தான் அந்த வழி தெரியாது.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. அன்றைக்கே மறுபடியும் பூட்டினார்கள். ஒன்பது நாள் கழித்துத் திறந்தார்கள். மே மாதம் வடமேற்குப் பக்கம் முஸ்லிம்கள் வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கினார்கள், திரும்பவும் பூட்டு. ஒன்பது நாள் பூட்டி வைத்ததில் மனதுக்குள் இருந்தது ஒன்றும் ஆறிப்போகவில்லை என்றுதானே அர்த்தம்?

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. 2022இல் அங்கே கேஸ் இல்லை, பால் பவுடர் இல்லை, கரண்ட் இல்லை. பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போகக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி அதே பூட்டை எடுத்துப் பூட்டினார்கள். கலவரக்காரனுக்கு என்று செய்த பூட்டு கேஸ் கேட்கிறவளுக்கு வந்துவிட்டது, பாத்தீங்களா? மக்கள் சத்தத்தில் அன்றைக்கே திறக்க வேண்டியதாகிவிட்டது, அது வேறு விசயம்.

நம்ம பக்கமும் இது நடந்ததுதான். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தினார்கள். வதந்தி பரவக்கூடாது என்றார்கள். ஆனால் செத்தவர் யார், ஆஸ்பத்திரியில் கிடப்பவர் யார் என்று தெரியாமல் குடும்பங்கள் அலைந்த நாட்கள் அவை. உண்மை வருகிற வழியை அடைத்தால் அந்த இடத்தில் வதந்திதானே வந்து உட்காரும்? நம்ம ஒத்தக்கடை ஐகோர்ட்டுக் கிளைக்கும் வழக்கு வந்தது. நெல்லைக்கும் குமரிக்கும் முதலில் திரும்பி வந்தது, தூத்துக்குடிக்கு அதுக்கப்புறம்.

அப்படின்னா எதையுமே தடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அதுவும் தப்பு. அதே இலங்கையில் கலவரத்துக்கு முன்னால் "இந்தப் பதிவை எடுங்கள், ஆளைக் கொல்லச் சொல்கிறார்கள்" என்று பேஸ்புக்குக்கு எத்தனையோ புகார் போனது. சிங்களம் படித்துப் பார்க்க அந்தக் கம்பெனியில் போதுமான ஆள் இல்லை. 2020இல்தான் அந்தக் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. வீடு எரிந்து ரெண்டு வருசம் கழித்து.

நம்ம ஊரில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று 2018இல் வாட்ஸ்அப்பில் சுற்றியது ஞாபகம் இருக்கா? திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த பாவத்துக்கு 65 வயது அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தச் செய்தியை அனுப்பினோம்? நான் அனுப்பினேன். எங்க குழுவுக்கே அனுப்பினேன். அதுக்கப்புறம் வாட்ஸ்அப் கம்பெனி, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் மாற்றியது. 2020இல், ஏற்கெனவே நிறையக் கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று ஆக்கியது. அப்படிச் சுற்றுகிற செய்திகள் 70 சதவீதம் குறைந்தது என்று அந்தக் கம்பெனியே சொன்னது. அவர்கள் கணக்கு, கொஞ்சம் கூட்டிக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அது யார் வாயையும் அடைக்கவில்லை, ஓட்டத்தைத்தான் மெதுவாக்கியது. கம்மாய்க் கரையை உடைக்காமல் மடையைச் சுருக்குகிற மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போனால்தான் பகை வந்தது என்கிறோமே, 1997 ஜூன் 30 மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட ஐந்து பேரையும் வெட்டியபோது வாட்ஸ்அப்பா இருந்தது? கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனித் தொகுதி என்ற காரணத்தால் 1996இல் இருந்து பத்து வருசம் தலைவர் இல்லாமலே கிடந்தது. ஒன்று வேட்புமனு இருக்காது, இல்லை ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006இல் தேர்தல் நடந்ததே, எப்படி நடந்தது? அதிகாரிகள் திரும்பத் திரும்ப அந்த ஊர்களுக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள். பேசாதே என்று சொல்லி அது நடக்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்க ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குரூப் இருந்தது. தண்ணி வருகிறது, ரேசனில் பாமாயில் போடுகிறார்கள், இது மாதிரிச் செய்தி வரும். நான் மேலத்தெரு. நிலமும் கோயில் முதல் மரியாதையும் இருக்கிற தெரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால் முளைப்பாரி ஊர்வலம் போகிற பாதையில் தகராறு. எங்க தெருப் பையன் ஒருத்தன் அந்தக் குரூப்பில் கீழத்தெருப் பெண்களைக் கேவலமாகப் பேசி ஆடியோ போட்டான். கீழத்தெருப் பையன் ஒருத்தன் பதிலுக்குப் பேசினான். கேவலமாக இல்லை, கோபமாக. "இன்னொரு தடவை பேசினா நாங்களும் சும்மா இருக்க மாட்டோம்" என்றான், அவ்வளவுதான்.

பெரியவர்கள் கூடினார்கள். குரூப்பைக் கலைக்கணும், இனி ஊர் விசயத்தைப் போனில் யாரும் பேசக்கூடாது, மீறினால் போலீசில் கொடுப்போம் என்று எழுதினார்கள். முதல் கையெழுத்து நான். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் போலீசுக்குப் போனது எந்த ஆடியோ தெரியுமா? கீழத்தெருப் பையன் பேசியது மட்டும். எங்க பையன் பேசியதை யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை மேல் வழக்குப் பதிவாகிவிட்டது. போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. வழக்கு இன்னும் முடியவில்லை.

குரூப் போன பிறகு ஊர் அமைதியாகத்தான் இருந்தது. நானும் சந்தோசமாக இருந்தேன். நாலு மாசம் இருக்கும், குழுக் கூட்டம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கீழத்தெரு உறுப்பினர் ஒருத்தி எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று போனை நீட்டினாள். இன்ஸ்டாகிராம் வீடியோ. கையில் அரிவாள், பின்னால் பாட்டு, கீழே எழுத்து. "குரூப்பைக் கலைத்தால் விட்டுவிடுவோமா" என்று. நிற்கிறது என் மகன்.

வீட்டுக்கு வந்து அடித்தேன். அழுதேன். சோறு போடவில்லை. ரெண்டாம் நாள்தான் வாயைத் திறந்தான். "ஊர்க் குரூப்புல இருந்தப்ப நீ இருப்ப, சித்தி இருப்பா, வாத்தியார் இருப்பாரு. பாத்துப் பேசுவோம். இப்ப எங்க பசங்க மட்டும்தானே, அங்கிட்டு யாரும் எதுவும் சொல்றதில்ல. யாரு பெருசாப் பேசுறான்னுதான் போட்டி" என்றான். நாங்கள் மூடியது பகையை இல்லை, எங்க கண்ணைத்தான்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்கணும்? அடுத்த தெருப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்டவள் பெற்ற பிள்ளைக்கும் போட்டிருக்கணும் இல்லையா? போடவில்லை. அதை மறைக்க மாட்டேன். வீடியோவை அழிக்கச் சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு கீழத்தெருவில் அவள் வீட்டுக்குப் போனேன். வழக்கு விழுந்த பையன் அவளுடைய அண்ணன் மகன், அவனும் அங்கே இருந்தான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை. என் மகன் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அந்தக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தான் தெரியுமா? ஏடு படிந்து ஆறிப்போச்சு. கடைசியில் குடித்தான். வழக்குக்கு வருகிற வாய்தாவுக்கு நானும் ரெண்டு தடவை கூடப் போனேன், அந்தக் கையெழுத்துப் போட்டது தப்பு என்று சொல்ல. எங்க தெருவில் சில பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அதனால் ஏழாவது தீர்மானத்தை அப்படியே போட வேண்டாம் என்பது என் கருத்து. நெட்டை நிறுத்தச் சொல்கிற வரியை எடுத்துவிடுங்கள். "இந்த மாதிரிப் பேச்சை எல்லாம்" என்ற வரியையும் எடுங்கள். எந்த மாதிரி என்பதை யார் முடிவு பண்ணுவார்கள்? 2012இல் மகாராஷ்டிராவில் ஒரு பெண் பேஸ்புக்கில் ஏதோ கேள்வி கேட்டாள் என்றும், இன்னொரு பெண் அதுக்கு லைக் போட்டாள் என்றும் ரெண்டு பேரையும் பிடித்தார்கள். அந்த 66ஏ சட்டப் பிரிவையே 2015இல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. கூலி பாக்கி கேட்டு நாம் ஒரு வீடியோ போட்டாலும் இதே வரியை நம் மேல் திருப்பலாம்.

அதுக்குப் பதிலாக இப்படி எழுதலாமா பாருங்கள். வெட்டுவேன், கொளுத்துவேன் என்று பெயர் சொல்லி மிரட்டினாலோ பெண்களைக் கேவலப்படுத்தினாலோ, எந்தத் தெருவில் இருந்து புகார் வந்தாலும் அன்றைக்கே சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து விசாரிக்க வேண்டும். அந்த வீடியோவை நாம் அடுத்தவருக்கு அனுப்பாமல், அழிக்காமல், தேதியோடும் நம்பரோடும் வைத்திருந்து கொடுக்க வேண்டும். ஊர்க் குரூப் இருக்கிற இடத்தில் ரெண்டு தெருவில் இருந்தும் நம்ம குழுப் பெண் ஒருத்தி அட்மினாக இருக்க வேண்டும்.

இது போதுமா என்றால் எனக்குத் தெரியாது. எங்க ஊரில் குரூப்பை மறுபடி ஆரம்பித்து ஆறு மாசம் ஆகிறது, இன்னும் கீழத்தெருவில் பாதிப் பேர் சேரவில்லை. வருகிற பங்குனியில் பொங்கல் சாட்டுகிறார்கள். பாதைத் தகராறும் அப்படியேதான் இருக்கிறது.

ரொம்ப நேரம் பேசிவிட்டேன். செல்லம்பட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு நாலரை பஸ்ஸை விட்டால் கஷ்டம். தீர்மானத்தைத் திருத்தி எழுதுகிறவர்கள் முன்னால் வாங்க, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்க.