மூட்டைக்கா, ஆளுக்கா?

உத்திரமேரூர் பக்கம் அறுவடை முடிந்து கையில் காசு புரண்டால் வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்தான். "குட்டி யானை வாங்கலாம்டா" என்பார் அப்பா. "எஸ்யூவி வாங்கலாம்ப்பா, கல்யாணம் காட்சிக்குக் கௌரவமா போகலாம்" என்பான் மகன். குடவோலையில் தேர்தல் நடத்திய ஊராயிற்றே, வீட்டிலும் ஓட்டெடுப்பு!

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது. முதலில் வந்த வண்டி 750 கிலோ சுமக்கும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில் 18 ஏற்றலாம். எஸ்யூவியில் பின் சீட்டை மடக்கி நாலைந்து மூட்டையைத் திணிக்கலாம். அப்புறம் ஏசியைப் போட்டால் காற்றோடு நெல் தூசும் வரும்!

அதற்காகக் குடும்பத்தைக் குட்டி யானையின் பின்னால் ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்களும் கையை விரித்துவிடுவார்கள். சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டவும் வேண்டும். ஒரு நல்ல செய்தி: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே, ஆண்டில் மூட்டை ஏறும் நாள் எத்தனை, ஆள் ஏறும் நாள் எத்தனை என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். அதிகம் எதுவோ, அதற்குச் சொந்த வண்டி. மற்றதற்கு வாடகை வண்டி. கௌரவமா? தவணையைத் தேதி தவறாமல் கட்டினால் அது தானாக வரும்!