பட்டறையில் கற்க வேண்டிய தலைமை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நான் மாரியூர்க்காரன். 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் எங்கள் ஊர், வாலிநோக்கம் பக்கம்தான் இருக்கிறது. உப்பளத்தில் ஒருத்தர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து பயனில்லை. பாத்திக்குத் தண்ணீர் விடுகிறவர் அசந்தால், உப்பு வாருகிறவர் உழைப்பும் வீண். இதைப் பார்த்து வளர்ந்தும் எனக்குப் புத்தி வந்தது பட்ட பிறகுதான்.

வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நினைத்த காலம் அது. ஒரு நாள் மோட்டார் எரிந்துவிட்டது. அருகில் நின்ற அப்ரண்டிஸ் தம்பியைத் திட்டித் தீர்த்தேன். "காலையிலேயே பேரிங் சத்தம் கேட்டுச்சு சார். சொன்னா ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றான். மோட்டார் எரிந்ததற்குக் காரணம் என் வாய்தான் என்று அப்போதே புரிந்தது. ஆனால் மேலதிகாரியிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பழி அவன் தலையில் விழுந்தது. சில நாளில் வேலையை விட்டே போய்விட்டான். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்டில் வங்கக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகையாளர்கள் முன் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் ராக்கெட் வெற்றி பெற்றபோது, பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பிவைத்தார். கலாமே பலமுறை சொன்ன செய்தி இது. தவான் செய்ததில் பாதியை நான் செய்திருந்தால் அந்தத் தம்பி போயிருக்க மாட்டான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளையையே எப்போதும் லீடராக்காதீர்கள். வாரம் ஒருவர் என்று மாற்றுங்கள். கருவிகளை எண்ணி வாங்குவது, மெஷினைப் போடும் முன் எல்லோரும் பாதுகாப்பாக நிற்கிறார்களா என்று பார்ப்பது, அன்றைய தவறுகளை ஆசிரியரிடம் தானே சொல்வது, இவை லீடரின் வேலையாக இருக்கட்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்கும் வாய் திறக்கும்.

மாணவச் செல்வங்களே! ஃபிட்டரோ, வெல்டரோ, எலக்ட்ரீசியனோ, நாளை உங்களுக்குக் கீழேயும் நாலு பேர் வேலை செய்வார்கள். "மெஷின் சத்தம் மாறுது, நிறுத்துங்க" என்று அவர்கள் பயமில்லாமல் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். நான் செய்த தவறு என்னோடு போகட்டும்.