நீராடும் நீரும் சட்டத்தின் காப்பும்

குளத்திலும் ஆற்றிலும் நீராடுவது கேரள மக்களின் அன்றாட வழக்கங்களுள் ஒன்று. அந்த நீரே நோய்க்குக் காரணமாகுமாயின், பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் அளிக்கும் பரிகாரங்கள் யாவை? திருவனந்தபுரம் மாவட்டத்தில் இக்கேள்வி அண்மையில் உயிர்ப் பிரச்சினையாகவே எழுந்தது.

2024ஆம் ஆண்டு ஜூலையில் நெய்யாற்றின்கரைப் பகுதியில், பொதுக்குளம் ஒன்றில் குளித்த இளைஞர் ஒருவர் அமீபாவால் விளையும் மூளைக்காய்ச்சலால் உயிரிழந்தார். அதே குளத்தில் குளித்த மேலும் சிலர் நோயுற்றுத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர். 2025 செப்டம்பரில் ஆக்குளம் சுற்றுலாக் கிராமத்து நீச்சல் குளத்தில் குளித்த பதினேழு வயது மாணவர் ஒருவருக்கும் இந்நோய் கண்டறியப்பட்டது. நீரின்மீது ஐயம் எழவே, அக்குளம் மூடப்பட்டது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இவ்வுயிரி, நீருடன் மூக்கின் வழியே புகுந்து மூளையை அடைகிறது. நீரைப் பருகுவதால் இது பற்றுவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.

சட்டத்தின் கண்ணோட்டத்தில் இவ்விரு குளங்களும் ஒன்றல்ல. கட்டணம் செலுத்தி நீச்சல் குளத்தில் இறங்குபவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு நுகர்வோர். நீரைத் தூய்மையாக வைத்திராதது சேவைக் குறைபாடாகும். அவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் ஏதுமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

ஊர்ப் பொதுக்குளத்தில் இலவசமாகக் குளிப்பவருக்கு இவ்வழி அடைபட்டுள்ளது. விலையின்றி அளிக்கப்படும் சேவை அச்சட்டத்தின் வரம்பில் வாராது. அவர் கவனக்குறைவை நிறுவி உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கோர வேண்டும். எதிர்வாதி அரசாயின், பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பும் தேவை. உயிரிழப்பு நேர்ந்தால், 1855ஆம் ஆண்டு விபத்து மரணச் சட்டத்தின்கீழ் குடும்பத்தினர் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கழிவுநீர் கலந்தமையே காரணமென்றால், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை அணுகலாம்.

நஷ்டஈட்டினும் முந்தியது, தீங்கு தொடராமல் தடுப்பது. பொதுத்தொல்லையை அகற்றுமாறு நிர்வாக நடுவரிடம் மனுச் செய்யலாம். இதற்குரிய விதி தற்போது 2023ஆம் ஆண்டு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் உள்ளது. பழைய சட்டத்தில் இதற்கு நிகரான பிரிவின்கீழ் எழுந்ததே ரத்லம் நகராட்சி வழக்கு. நிதிப் பற்றாக்குறையைக் காட்டி ஒரு நகராட்சி தன் கடமையைத் தட்டிக்கழிக்க இயலாது என 1980இல் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் கேரளத்தைச் சேர்ந்த நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

எந்த மன்றமாயினும் சான்று வேண்டும். இங்கேதான் பெரும் இடர் உள்ளது. நோயாளி மருத்துவமனையில் கிடக்கையில் குளத்து நீர் மாற்றப்படலாம், குளோரின் இடப்படலாம். அதன்பின் பழைய நீரின் நிலையை நிறுவுவது அரிது. ஆகவே குளித்த இடம், நாள், உடன் குளித்தோர் ஆகிய விவரங்களை மருத்துவரிடம் முதல் நாளே கூறுதல் நலம். இது சிகிச்சைக்கும் இன்றியமையாதது. நீர் மாதிரி எடுக்குமாறு சுகாதாரத் துறைக்கு எழுத்து மூலம் வேண்டி, அதன் நகலையும் நுழைவுச் சீட்டையும் பாதுகாக்க வேண்டும். பொது அதிகார அமைப்புகளிடமுள்ள பரிசோதனை அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம்.

சீட்டு வாங்கியவருக்குக் குறுகிய பாதை, வாங்க இயலாதவருக்கு நெடும்பாதை என்னும் வேற்றுமை முழுதும் நீங்கச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம். அதுவரை அதனை ஓரளவு குறைக்க வழி உண்டு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவிக்கு உரியவர். ஊராட்சிகளும் ஒவ்வொரு கோடைக்கும் முன்பு பொதுக்குளங்களின் நீரைச் சோதித்து, முடிவைக் கரையிலேயே எழுதி வைக்கலாம். அப்பலகை குளிக்க வருபவருக்கு எச்சரிக்கையாகும். தீங்கு நேரின், அதுவே ஏழைக்குச் சான்றுமாகும்.