‘அப்பா’ என்று சொல்வதற்கு
(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, வானொலி மறையுரை. நற்செய்தி: மாற்கு 7:31-37)



இன்றைய நற்செய்தியில், காது கேளாமல், பேச்சும் தெளிவாக வராமல் இருந்த ஒருவரை இயேசுவிடம் அழைத்து வருகிறார்கள். இடம் தெக்கப்போலி. அவர் தாமாக வரவில்லை. கூட்டி வந்தவர்கள் யார், உறவினரா, அண்டை வீட்டாரா என்று மாற்கு சொல்லவில்லை. இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். முதலில் காதைத் தொடுகிறார். அதற்குப் பிறகே நாவை. ‘எப்பத்தா’ என்ற அரமேயச் சொல்லை மாற்கு அப்படியே பாதுகாத்து, ‘திறக்கப்படு’ என்ற பொருளையும் நமக்குத் தந்திருக்கிறார்.

திருமுழுக்குச் சடங்கிலும் இந்தப் பகுதி உண்டு. குரு தம் பெருவிரலால் குழந்தையின் காதையும் வாயையும் தொடுகிறார். விரைவில் இறைவார்த்தையைக் கேட்கவும், தன் நம்பிக்கையை வாயால் அறிக்கையிடவும் அந்தக் குழந்தைக்கு வரம் கேட்கிறோம். (பெரும்பாலும் போட்டோக்காரர் எல்லாரையும் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லி அவசரப்படுத்துகிற நேரம் அது.) நாம் தொடுகிற அந்த வாயின் மேற்கூரை பிறவியிலேயே பிளந்திருந்தால்? அப்படிப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அண்ணப் பிளவு. பலர் ‘அன்னப் பிளவு’ என்று எழுதுகிறார்கள். மூன்று சுழி ‘ண’ தான் சரி. நாக்கு நுனியால் வாயின் மேற்புறத்தை முன்னிருந்து பின்னாகத் தடவிப் பாருங்கள். முன்பாதி எலும்பு, கெட்டியாக இருக்கும். பின்பாதி தசை, மெத்தென்று இருக்கும். அதுதான் அண்ணம். சில பிள்ளைகளுக்கு உதட்டில் மட்டும் பிளவு, சிலருக்கு அண்ணத்தில் மட்டும், சிலருக்கு இரண்டிலும். உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். உதட்டுப் பிளவு பிறந்த உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அண்ணத்தில் மட்டும் இருந்தால், பால் மூக்கு வழியாக வரும்போதுதான் சில வீடுகளில் தெரிய வருகிறது.

தெரிந்தவுடன் வீட்டில் நடக்கும் முதல் காரியம் விசாரணை. திருவண்ணாமலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் எங்கள் காதுபட ஒரு மாமியார் சொன்னார்: “சாமி, கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா இவ?” மருமகள் தலை நிமிரவில்லை. கிரகணத்தில் கத்தி தொட்டாள், அரிவாள்மனையில் காய் நறுக்கினாள் என்றெல்லாம் வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். கிறிஸ்தவ வீடுகளும் இதற்கு விலக்கு அல்ல. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்களே, அதே கேள்விதான். இயேசு அந்தக் கேள்வியையே ஏற்றுக்கொள்ளவில்லை. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை இன்று மாலை வீட்டில் எடுத்து வாசியுங்கள்; மாமியார்களும் கூட உட்காரட்டும்.

கருவில் உதடு ஒட்டுவது இரண்டாவது மாதத்திற்குள். அண்ணம் இரு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் சேருவது ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்திற்குள். தான் கருவுற்றிருக்கிறாள் என்பதே ஒரு பெண்ணுக்கு அப்போதுதான் உறுதியாகியிருக்கும். அந்த நேரத்தில் இரு பக்கமும் சேராமல் நின்றுவிட்டால் பிளவு. பரம்பரை ஒரு காரணமாக இருக்கலாம். ஃபோலிக் அமிலக் குறைவு, புகை, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆபத்தைக் கூட்டலாம். (அந்த மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.) பல குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று எதையும் சுட்ட முடிவதில்லை. நிலவும் சூரியனும் இந்தக் கணக்கில் இல்லை.

குழந்தைக்கு உடனே தேவைப்படுவது பால். வாயின் கூரை திறந்திருப்பதால் உறிஞ்ச முடியாது. எவ்வளவு முயன்றாலும் காற்றுதான் வரும். களைத்துத் தூங்கிவிடும், எடை ஏறாது. பாட்டிமார் வைத்திருக்கும் பாலாடையும் சங்கும் இங்கே கைகொடுக்கும். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். காற்றை அதிகம் விழுங்குவதால் அடிக்கடித் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க வேண்டும். ஒரு வேளைப் பால் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது என்று தாய்மார் சொல்வது மிகை இல்லை. அந்த வீட்டுக்கு ஒரு வாரம் சமைத்துக் கொடுப்பதுகூட ஒரு அன்பியம் செய்யக்கூடிய பெரிய உதவி.

எடை இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் உண்டு. உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்திற்கு ஒரு வயதை ஒட்டி, ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திற்குள்ளும் அறுவை சிகிச்சை செய்வது வழக்கம். பிள்ளை பேசப் பழகுமுன் வாயின் கூரை மூடியிருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் எடை குறைவாக இருந்தாலோ, இரத்தச் சோகை இருந்தாலோ, சளி, காய்ச்சல் இருந்தாலோ மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். வேலூருக்கோ சென்னைக்கோ விடியற்காலை பஸ் பிடித்துப் போய், இரண்டு பேர் கூலியை இழந்து, “சளி இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்” என்ற சொல்லோடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. இந்த ஊரில் பௌர்ணமியன்று திரும்பி வருவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் திருப்பி அனுப்புகிற மருத்துவர் பிள்ளையின் மூச்சைக் காப்பாற்றுகிறார்.

அடுத்தது பட்டினி. அறுவைக்கு முன் தாய்ப்பாலை நான்கு மணி நேரமும், மற்றப் பாலையும் உணவையும் ஆறு மணி நேரமும் நிறுத்தச் சொல்வது பொதுவான வழக்கம். மருத்துவமனை சொல்கிற நேரமே இறுதி. ஒரு வயதுப் பிள்ளைக்கு அது புரியாது. கதறும். “ஒரு வாய்தானே” என்று பாட்டி மனம் இளகும் இடம் இதுதான். மயக்கத்தில் வயிற்றிலுள்ள பால் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் தாய் பிள்ளைக்கு எதுவும் கொடுக்காமல் வெறுங்கையோடு தோளில் போட்டு நடக்கிறாள். அறுவை அறைக்கு வெளியே நாங்கள் சில குடும்பங்களோடு அமர்ந்திருக்கிறோம். அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. செபமாலையை எடுத்தால்கூட ஒரு மறையுண்மைக்கு மேல் மனம் நிற்காது. போகட்டும், அதுவும் செபம்தான்.

உள்ளே நடப்பது ஒட்டுப்போடும் வேலை அல்ல. இரு பக்கச் சதையையும் நெகிழ்த்தி நடுவே கொண்டு வந்து, பிரிந்து கிடக்கும் தசைகளை ஒன்றுசேர்த்து, அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். தையல் தானே கரைந்துவிடும். வெளியே வரும் பிள்ளையைப் பார்த்துத் தாய் பயப்படக் கூடாது: முதல் நாள் எச்சிலில் இரத்தம் கலந்து வரும், முகம் வீங்கியிருக்கும். விரலை வாய்க்குள் விடாதபடி சில இடங்களில் முழங்கையை மடக்க முடியாமல் துணி சுற்றிக் கட்டியிருப்பார்கள். மருத்துவர் சொல்லும்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம், கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர், பால் போன்றவைதான். ஒவ்வொரு வேளைக்கும் பின் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து வாயைச் சுத்தமாக்க வேண்டும். பால் புட்டியும் உறிஞ்சு குழலும் கூடாது. பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டும் முறுக்கும் வாங்கி வராதீர்கள்.

பலர் இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். கூரை மூடிவிட்டது, பால் மூக்கில் வரவில்லை, செலவும் காப்பீட்டில் போய்விட்டது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும்.

தமிழில் ம, ந, ண போன்ற மெல்லின எழுத்துகளுக்குக் காற்று மூக்கு வழியே போகும். க, ட, த, ப போன்ற வல்லினத்திற்கு அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்கு வழியை அடைக்க வேண்டும். தொல்காப்பியம்கூட எழுத்து பிறக்கும் இடங்களில் அண்ணத்தையும் ஒன்றாகச் சொல்கிறது. அடைக்க முடியாத பிள்ளைக்கு ‘ப’ மூக்கில் கசிந்து ‘ம’ ஆகிவிடும். ‘அப்பா’ என்று கூப்பிடுகிறான். ‘அம்மா’ என்று கேட்கிறது. அப்பா திரும்பிப் பார்ப்பதில்லை. தைத்த பிறகும் பழைய பழக்கத்திலேயே பேசும் பிள்ளைகள் உண்டு. காதும் இதோடு சேர்ந்தது: நடுக்காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தில் இருக்கிறது. அது சரியாக வேலை செய்யாவிட்டால் காதில் நீர் தேங்கி, கேட்பது மங்கும். நற்செய்தியில் வரும் மனிதருக்கு அண்ணப் பிளவு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் காதை முதலில் தொட்டது கவனிக்கத் தக்கது. செவித்திறன் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

பேச்சுப் பயிற்சி ஒரு நாள் வேலை அல்ல. வாரந்தோறும் பல மாதங்கள் தொடர வேண்டியது. செங்கத்திலிருந்தோ தண்டராம்பட்டிலிருந்தோ வாரந்தோறும் சென்னைக்குப் போய் வர எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? இந்தக் கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பதில் முயன்று பார்க்கப்பட்டது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனம், கனடாவின் ‘டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ்’ அமைப்பின் உதவியோடு, 2005 முதல் திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் பிளவோடு பிறந்தவர்களைத் தேடிச் சென்று பணி செய்தது. உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பேச்சுப் பயிற்சி தரக் கற்றுக் கொடுத்தார்கள். பேச்சு வல்லுநர்கள் மேற்பார்வை செய்தார்கள். பிள்ளைகளின் பேச்சு முன்னேறியதை ஒரு மருத்துவ இதழில் பதிவும் செய்திருக்கிறார்கள். ஊரிலிருக்கும் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ‘ப’ சொல்லக் கற்றுத் தருகிறார். தெக்கப்போலியில் அந்த மனிதரைக் கூட்டி வந்த பெயரில்லாதவர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆகவே நேயர்களே, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் கேளுங்கள். உங்கள் தெருவில் இப்படிப் பிறந்த பிள்ளை இருந்தால், வீட்டுக்குள் ஒளித்து வைக்க விடாதீர்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடம் காட்டச் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தக் குறைபாடும் அடங்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். பெரிய பிள்ளையாகிவிட்டான், இனி எதற்கு என்று சொல்லாதீர்கள். காலம் கடந்து வந்தவர்களுக்கும் செய்யக் கூடியது உண்டு. ஆசிரியர்களே, அவனை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவன் வாசிக்கும்போது யாராவது மூக்கால் பேசிக் காட்டினால், பாடத்தை நிறுத்திவிட்டு அதை முதலில் கவனியுங்கள்.

பயிற்சி கொடுப்பவர் அந்த வாரத்திற்கான சொற்களை எழுதிக் கொடுப்பார். பட்டம், பாப்பா, கதவு, தட்டு. தினமும் சொல்ல வைக்க ஒருவர் வேண்டும். தாய்க்கு வேலை இருக்கும். தகப்பன் வெளியூரில் இருப்பார். கிரகணத்தைப் பற்றிச் சொன்ன அந்த மாமியாரிடம்தான் நாங்கள் அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறோம். அவருக்கு எழுத்து தெரியாது. மூத்த பேத்தி வாசித்துக் காட்டுகிறாள். பாட்டி சொல்கிறார், பேரன் திருப்பிச் சொல்கிறான்.